திருமயம், பிள்ளையார்பட்டி, சித்தன்னவாசல்: பழங்கோயிற்கலைப் பாடத்தையும் ஆய்வையும் இணையத்தில் பகிர முழுமையான வழிகாட்டி

காரைக்குடியைச் சுற்றி ஒரு மணி நேரப் பயணத்துக்குள் 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான குடைவரைகளும் (பாறையைக் குடைந்த கோயில்கள்) கற்றளிகளும் (கல்லை அடுக்கிக் கட்டிய கோயில்கள்) நிறைய இருக்கின்றன. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம், கொஞ்சம் தள்ளிப் போனால் குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, கொடும்பாளூர். இவற்றைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், ஊர் வரலாறு எழுதுபவர்கள் தங்கள் வேலையை இணையத்தில் வைக்க நினைக்கும்போது எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதற்கான குறிப்பு இது.

புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் தடுமாறுவது வரிசையில்தான். முதல் நாளே ஒரு சேனலோ பக்கமோ தொடங்கிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு படம் எடுக்கப் போகிறார்கள், கடைசியில்தான் கல்வெட்டுத் தொகுப்பைப் புரட்டுகிறார்கள். அப்போது தாங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டதற்கு ஆதாரம் தேடும் வேலையாக அது மாறிவிடுகிறது. கீழே ஏற்றும் வேலை பத்தாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓரளவு நல்ல கேமரா உள்ள கைபேசி போதும். கூடவே ஓர் அளவு நாடா, ஒரு சாதாரண டார்ச், பென்சில், கோடு போட்ட நோட்டு. படங்களைச் சேமிக்க இரண்டு இடங்கள் வேண்டும்: ஒன்று கணினி, இன்னொன்று வெளியே கழற்றி வைக்கும் ஹார்டு டிஸ்க். கூகுள் டிரைவ் மூன்றாவது நகலாக இருக்கலாம், ஒரே நகலாக இருக்கக் கூடாது.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரையை அப்படியே ஏற்றினால் தேடலில் அது அகப்படாது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். முதலில் மாற்றிவிட்டு, ஒருமுறை முழுவதும் வாசித்துப் பாருங்கள். மாற்றும்போது ஒகர ஓகாரக் கொம்புகள் சில இடங்களில் சிதறும்.

1. ஒரே இடம், ஒரே கேள்வி

‘செட்டிநாட்டுக் குடைவரைகள்’ என்று தலைப்பு வைத்தால் வேலை முடியாது. ‘திருமயம் சிவன் குடைவரையில் லிங்கோத்பவர் (லிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவன்) எந்த இடத்தில் அமைந்திருக்கிறார், கருவறையிலிருந்து பார்த்தால் அது ஏன் கவனத்துக்குரியது?’ என்று வைத்தால் முடியும். கேள்வி சின்னதாக இருந்தால் எந்தப் படங்கள் வேண்டும், எந்தக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிடும்.

கேள்வி இல்லாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து வருகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், வேண்டிய அந்தத் தூணின் போதிகை (தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் பகுதி) மட்டும் எந்தப் படத்திலும் முழுதாக இருக்காது.

2. அச்சில் இருப்பதை முதலில் படியுங்கள்

இந்தப் பகுதிக்கு ஒரு நல்ல வசதி உண்டு. திருமயமும் குடுமியான்மலையும் நார்த்தாமலையும் பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அந்தச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் பாடத்தை (கல்லில் உள்ள வாசகத்தை) 1929-லேயே தொகுத்து வெளியிட்டுவிட்டது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போன்ற இன்றைய சிவகங்கை மாவட்டத்து இடங்களுக்கு, மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளைத் தேட வேண்டும். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்து ஊர்களில் கிடைத்த சிற்பங்களோடு ஒப்பிட அது உதவும்.

முதலில் படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நார்த்தாமலையில் உள்ள விசயாலய சோழீச்சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்ததும் சோழன் விசயாலயன் கட்டியது என்று எழுதிவிடத் தோன்றும், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் வாயிலருகே உள்ள கல்வெட்டு, சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி மழையால் இடிய, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததாகச் சொல்கிறது. கட்டியவரும் புதுப்பித்தவரும் முத்தரையர் காலத்துத் தலைவர்கள். இது தெரியாமல் போய்ப் படம் எடுத்தால், அந்தக் கல்வெட்டையே எடுக்காமல் விமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவீர்கள்.

3. அனுமதி

இரண்டு வகை இடங்கள் உள்ளன, நடைமுறை வேறு வேறு.

சித்தன்னவாசல், கொடும்பாளூர் மூவர்கோயில் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. கையில் பிடித்துப் படம் எடுப்பதற்கும் முக்காலி வைத்து எடுப்பதற்கும் விதி வேறு. முக்காலி, விளக்கு, வீடியோ என்றால் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஓவியம் உள்ள இடத்தில் காவலர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. ஃபிளாஷைத் தொடவே வேண்டாம்.

பிள்ளையார்பட்டி போல வழிபாடு நடக்கும் கோயில்கள் இரண்டாவது வகை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்ய உத்தரவிட்டது. அதன்பின் பல இடங்களில் நுழைவாயிலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். நகரத்தார் கோயில் என்றால் கோயில் அலுவலகத்தில் டிரஸ்டியைப் பார்த்து, என்ன எடுக்கப் போகிறீர்கள், எங்கே போடப் போகிறீர்கள் என்று ஒரு கடிதம் கொடுங்கள். கல்லூரி முத்திரை இருந்தால் நல்லது. “மூலவர் வேண்டாங்கய்யா, வெளித்தூணும் கல்வெட்டும் மட்டும் போதும்” என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது, அவர்களுக்கும் உங்களுக்கும். அனுமதி கிடைக்கவில்லை என்றால் கையால் வரைந்த தளப்படமும் எழுத்துக் குறிப்பும் போதும். திருட்டுத்தனமாக எடுத்த படத்தை வைத்துப் பாடம் நடத்தினால், அடுத்து வரும் மாணவனுக்குக் கதவு அடைபடும்.

அப்புறம் ஒன்று. சனி, ஞாயிறு, சதுர்த்தி நாட்களில் போகாதீர்கள். கூட்டத்தில் எதையும் பார்க்க முடியாது. குருக்களுக்கும் பேச நேரம் இருக்காது.

4. படம் எடுக்கும் வரிசை

வெளியிலிருந்து உள்ளே, பெரிதிலிருந்து சிறிது. இதை மாற்றாதீர்கள்.

முதலில் பாறை அல்லது கோயில் முழுவதும் தெரியும்படி ஒரு படம். பிறகு முகப்பு. பிறகு மண்டபத்தின் உள்ளே நான்கு பக்கமும். அதன் பின் தனிச் சிற்பம், கடைசியில் கை, ஆயுதம், ஆடை மடிப்பு, அணிகலன். நெருக்கத்தில் எடுத்த கையின் படம் மட்டும் இருந்தால், அது எந்தச் சுவரில் உள்ள எந்தச் சிற்பத்தின் கை என்று பின்னால் யாருக்கும் தெரியாது. முழுப் படம் முன்னால் இருந்தால் நெருக்கப் படத்துக்கு விலாசம் இருக்கிறது.

சிற்பத்தை நேர் எதிரே நின்று, அதன் நடு உயரத்தில் கேமராவை வைத்து எடுங்கள். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் கால் பெருத்துத் தலை சிறுத்துவிடும். அந்தப் படத்தை வைத்து உடலமைப்பைப் பேச முடியாது. பக்கவாட்டிலிருந்தும் ஒன்று வேண்டும். புடைப்பு எவ்வளவு ஆழம் என்பது அதில்தான் தெரியும்.

கல்வெட்டுக்கு வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். நேர் வெளிச்சத்தில் எழுத்து மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரம் பார்த்துப் போங்கள், குடைவரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். உள்ளே இருட்டு என்றால் ஒருவர் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் எடுக்கலாம். டார்ச்சை இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் மாற்றிப் பிடித்து அதே இடத்தை எடுங்கள். ஒன்றில் தெரியாத எழுத்து மற்றொன்றில் தெரியும்.

எழுத்தின் மேல் சுண்ணாம்புக்கட்டி, விபூதி, மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். சாக்பீஸால் எழுத்தை நிரப்பிப் படம் எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படி நிரப்புகிறவர் தான் ஊகித்த எழுத்தைத்தான் வரைகிறார். அடுத்து வருபவருக்குக் கல்லில் இருந்தது எது, இவர் வரைந்தது எது என்று பிரிக்க முடியாது. மைப்படி (கல்லெழுத்தை மை தடவித் தாளில் படியெடுப்பது) எடுப்பது தனித் தொழில். அதற்குத் தனி அனுமதியும் பயிற்சியும் வேண்டும்.

அளவுக்கு, நாடாவை வெளித்தூணின் அருகே பிடித்து ஒரு படம் எடுத்தால் போதும். வழிபாட்டில் உள்ள திருமேனியின் மேல் எதையும் சாய்க்க வேண்டாம்.

5. அன்று இரவே பெயரும் குறிப்பும்

இதைத் தள்ளிப் போட்டால் வேலை கெடும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எந்தக் குடைவரையின் வாயிற்காவலரும் ஒரே ஆளாகத்தான் தெரிவார்.

கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். தமிழ் எழுத்தில் வைத்த கோப்புப் பெயர் சில கணினிகளிலும் சில தளங்களிலும் உடைந்துபோகும். ஊர், கோயில், இடம், வரிசை எண், தேதி என்ற ஒழுங்கு போதும். விளக்கத்தை ஓர் எக்செல் தாளில் தமிழில் எழுதுங்கள்: கோப்புப் பெயர், ஊர், மாவட்டம், கட்டடத்தின் எந்தப் பகுதி, எந்தத் திசைச் சுவர், என்ன தெரிகிறது, எடுத்தவர், எடுத்த நாள். காலம் என்ற கட்டத்தையும் வையுங்கள், ஆனால் இப்போது காலியாக விடுங்கள்.

மாணவர்களிடமிருந்து படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி போன்ற உள் விவரங்களும் போய்விடும். ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் அப்படியே வரும்.

6. பார்த்தது, படித்தது, ஊகித்தது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சிற்பத்துக்கும் மூன்று தனிப் பத்திகள் எழுதுங்கள். முதலாவதில் கண்ணுக்குத் தெரிவது மட்டும். இரண்டாவதில் கல்வெட்டும் மரபும் முன்னோர் ஆய்வும் சொல்வது. மூன்றாவதில் உங்கள் முடிவு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிட்டால் படிப்பவருக்கு எதை மறுப்பது, எதை ஏற்பது என்று தெரியாது.

பிள்ளையார்பட்டி மூலவரை எடுத்துக்கொள்வோம். பார்த்தது: பாறையிலேயே புடைத்த உருவம், இரண்டு கைகள், வலப்புறம் சுழித்த துதிக்கை, வலது கையில் சிறிய ஒரு பொருள். கோயில் மரபு அதைச் சிவலிங்கம் என்கிறது, மோதகம் என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டையும் இரண்டாம் பத்தியில் வையுங்கள். முதல் பத்தியில் ‘கையில் லிங்கம் ஏந்தி’ என்று எழுதிவிட்டால் விவாதமே முடிந்துபோகிறது. இன்னொன்று, அன்றாடம் நாம் பார்ப்பது அலங்காரத்தோடும் சில நாள் கவசத்தோடும் இருக்கும் பிள்ளையாரை. கல்லில் என்ன இருக்கிறது என்பதில் பாதி மறைந்திருக்கும். ‘சந்தன அலங்காரத்தில் பார்த்தேன், இடது கை தெளிவாகத் தெரியவில்லை’ என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அதே குடைவரையில் வட்டெழுத்துக்கு (பழைய தமிழ் எழுத்து வகை ஒன்று) முந்தைய நிலையைக் காட்டும் சின்னக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதன் கடைசிச் சொல்லை அறிஞர்கள் வேறு வேறாக வாசித்திருக்கிறார்கள், காலத்திலும் ஒத்த கருத்து இல்லை. மாணவருக்கான பாடத்தில் ஒரு வாசிப்பை மட்டும் போட்டு, அதிலிருந்து கோயிலுக்கு ஒரு வயது சொல்லி, அதைப் போஸ்டராக்கிவிடுகிறார்கள். வேண்டாம். இரண்டு வாசிப்புகளையும் படத்தோடு போட்டு, மாணவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

சித்தன்னவாசல் இன்னும் நல்ல பாடம். தாமரைக் குளத்து ஓவியத்தையும் தூண்களில் உள்ள ஆடல் மகளிரையும் பல்லவன் மகேந்திரவர்மன் காலம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் எழுதினார்கள். பழைய பாடக் குறிப்புகளில் இன்றும் அப்படித்தான் இருக்கும். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தை எடுப்பித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு கிடைத்தபின், ஓவியங்கள் 9ஆம் நூற்றாண்டுக்கு வந்தன. குடைவு அதற்கு முந்தியது. ஆக ஒரே இடத்துக்கு இரண்டு காலங்கள். முன்னால் வரிசையாக நிற்கும் தூண்களையும் சேர்த்தால் மூன்று. அவை குடுமியான்மலையிலிருந்து 20ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நிறுத்தியவை. முகப்புத் தூணைக் காட்டி ‘பாண்டியர் காலத் தூண்’ என்று வீடியோவில் சொல்பவர்களைப் பார்க்கத்தான் செய்கிறோம்.

காலத்தைக் குறிக்கும்போது அடிப்படையையும் சேர்த்தே எழுதுங்கள்: எழுத்தமைதியா (எழுத்தின் வடிவம்), சிற்ப அமைதியா (சிற்பத்தின் பாணி), அரசன் பெயரா. ‘கருதப்படுகிறது’ என்று மட்டும் எழுதினால் யார் கருதினார், எதை வைத்துக் கருதினார் என்ற கேள்வி நிற்கும். அரசன் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. முற்காலப் பாண்டியர்கள் மாறஞ்சடையன், சடையமாறன் என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி. கல்வெட்டில் ‘கோமாறஞ்சடையற்கு யாண்டு’ என்று மட்டும் இருந்தால் அது நெடுஞ்சடையனாகவும் இருக்கலாம், இரண்டாம் வரகுணனாகவும் இருக்கலாம். உடனே ஒருவரைத் தேர்ந்து, ஆட்சியாண்டைக் கூட்டி, கி.பி. கணக்கில் துல்லியமான ஆண்டு போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

கல்வெட்டின் காலமும் கட்டடத்தின் காலமும் ஒன்றல்ல. திருமயத்தில் சைவ, வைணவக் கோயில்களுக்கு இடையே நடந்த வழக்கைத் தீர்த்துவைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. குடைவரைகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. மேலே உள்ள கோட்டையோ சேதுபதி காலத்தது. மூன்றையும் ஒரே ‘திருமயம்’ என்ற தலைப்பின் கீழ்ப் போட்டு ஒரு காலம் சொல்லக் கூடாது.

நம் பக்கத்துக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்ற ஒன்பது நகரக் கோயில்களும் நகரத்தார் திருப்பணியில் பெரிதாக வளர்ந்தவை. பழைய ஊர், பழைய கோயில் என்பது உண்மைதான். ஆனால் இன்று நீங்கள் கைவைத்து நிற்கும் தூண் பெரும்பாலும் பிற்காலத் திருப்பணியில் வந்தது. எளிய சோதனை ஒன்று சொல்கிறேன்: போதிகையைப் பாருங்கள். 7, 8ஆம் நூற்றாண்டுக் குடைவரைத் தூண் கீழும் மேலும் சதுரம், நடுவில் எண்பட்டை, மேலே வளைந்த போதிகை, சில இடங்களில் போதிகையில் தரங்கம் என்னும் அலை அலையான செதுக்கல் என்று கனமாக, எளிமையாக இருக்கும். போதிகை நுனியில் வாழைப்பூ போல மொட்டுத் தொங்கினால் அது மிகவும் பிந்தியது. யாளியும் குதிரை வீரனும் பாய்ந்து நிற்கும் தூணும் அப்படியே. இந்தச் சோதனை மட்டுமே காலத்தை முடிவு செய்யாது, தவறான தூணை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

7. கல்வெட்டுப் பாடத்தை எழுதும் முறை

வரி எண் போட்டு, கல்லில் வரி முடியும் இடத்திலேயே முடியுங்கள். சிதைந்த எழுத்துக்குப் புள்ளிகள். ஊகித்துச் சேர்த்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் [ ] வையுங்கள். பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. நீங்கள் சேர்த்துப் படித்ததை, சந்தி பிரித்ததை இரண்டாவது பாடமாகத் தனியே கொடுங்கள். மூன்றாவதாக எளிய உரை. முதலாவதை விட்டுவிட்டு உரையை மட்டும் போடுவது, கணக்கின் விடையை மட்டும் எழுதுவது போல. சரிபார்க்க வழியில்லை.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு போன்ற கிரந்த எழுத்துக் (தமிழகத்தில் வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து) கல்வெட்டுகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். யூனிகோடில் கிரந்தத்துக்கு 2014-லேயே இடம் கிடைத்துவிட்டாலும் பலருடைய போனில் அது வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். படத்தோடு தமிழெழுத்தில் பெயர்த்த பாடத்தையும் கொடுங்கள். அந்தக் கல்வெட்டை மகேந்திரவர்மனோடு சேர்த்துச் சொல்லும் பழைய கருத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்திவிட்டார்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

8. பாடமா, ஆய்வுக் குறிப்பா?

இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். பாடம் மாணவருக்கானது. அதில் ஒரு படம், மூன்று கேள்விகள், குறைந்த கலைச்சொற்கள். ஆய்வுக் குறிப்பு அதே துறையில் இருப்பவருக்கானது. அதில் அளவு, கல்வெட்டுப் பாடம், முன்னோர் கருத்து, உங்கள் மறுப்பு எல்லாம் வேண்டும். முதலில் ஆய்வுக் குறிப்பை முடியுங்கள், அதிலிருந்து பாடத்தை இறக்குங்கள். தலைகீழாகச் செய்தால், வகுப்புக்காக எளிமைப்படுத்தியதே ஆய்வு முடிவாக நின்றுவிடும்.

கலைச்சொல்லை முதலில் படத்தின் மேல் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். சகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று வரிசையாக எழுதிய பத்தியை எந்த மாணவனும் முழுதாகப் படிப்பதில்லை. தாங்குதளத்தின் ஒரு படத்தில் நான்கு அம்புகள் போட்டால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறான்.

9. உரிமை

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சிற்பத்துக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது. ஆனால் அதைப் படம் எடுத்தவருக்கு அந்தப் படத்தின் மேல் உரிமை உண்டு. கூகுளில் கிடைத்தது என்பது அனுமதி ஆகாது. இந்தியச் சட்டப்படி ஒளிப்படத்துக்கான உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள், நூலுக்கு ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பழைய அறிக்கைகளில் உள்ள படங்களைப் பயன்படுத்துமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் படங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமம்தான் பாடப் பொருளுக்கு ஏற்றது என்பது என் கருத்து. ‘வணிகத்துக்குக் கூடாது’ என்ற நிபந்தனையைப் போட்டால் விக்கிமீடியா காமன்ஸ் அதை ஏற்காது, சிறு பதிப்பாளர்களும் தயங்குவார்கள். மாணவர் எடுத்த படம் என்றால் மாணவரின் சம்மதத்தை எழுதி வாங்கி, அவர் பெயரையே போடுங்கள்.

10. எங்கே ஏற்றுவது

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம்.

படங்கள் விக்கிமீடியா காமன்ஸில். அங்கே ஊர், கோயில் வாரியாகப் பகுப்புகள் உள்ளன, தமிழிலும் விளக்கம் எழுதலாம். ஆய்வுக் குறிப்பு பிடிஎஃப்பாக ஜெனோடோவில். ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வு மையம் நடத்தும் இலவசக் களஞ்சியம் அது. ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத டிஓஐ எண் (இணைய ஆவணத்துக்கான நிரந்தர அடையாள எண்) கிடைக்கும். திருத்திய பதிப்பை ஏற்றினால் அதற்குத் தனி எண்ணும், எல்லாப் பதிப்புக்கும் பொதுவான எண்ணும் வரும். உரிமம் தீர்ந்த பழைய நூல்களின் ஸ்கேன் என்றால் இணைய ஆவணக்காப்பகமான ஆர்க்கைவ் தளம். வகுப்பு வீடியோ யூடியூபில்.

ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இணைப்பை மட்டும் கொடுங்கள். அங்கேயே முழுக் கட்டுரையையும் போட்டால் ஆறு மாதம் கழித்து உங்களாலேயே தேடி எடுக்க முடியாது. தவறு இருந்தாலும் அது பெயரில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஏற்றும்போது ஐந்தாம் படியில் செய்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை நகலெடுத்து ஒட்டுவதாகச் சுருங்கிவிடும். தாள் இல்லாதவர்கள்தான் ‘பழமையான சிற்பம், புதுக்கோட்டை’ என்று எழுதி முடிக்கிறார்கள்.

11. இருப்பிடத்தை எவ்வளவு சொல்வது?

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் முழு இருப்பிடமும் சொல்லலாம். கண்மாய்க் கரையில், பொட்டலில் தனியாகக் கிடக்கும் சிற்பம் என்றால் ஊர் அளவோடு நிறுத்துங்கள். ஏற்றுமுன் படத்தில் உள்ள ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள். செப்புத் திருமேனி எந்த அறையில் இருக்கிறது, பூட்டு எப்படி என்பதெல்லாம் படத்தில் தெரியவே கூடாது.

அதற்காகப் பதிவே செய்யாமலும் விடாதீர்கள். ஸ்ரீபுரந்தான் நடராசர் திருடு போய் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல்லாண்டு முன் எடுத்து வைத்திருந்த படங்கள்தான் அது நம்முடையது என்று காட்ட உதவின. 2014-ல் சிலை திரும்பி வந்தது. அதனால் தனியாகக் கிடக்கும் சிற்பத்தின் முழு விவரத்தை, தேதியோடு, இணையத்தில் ஏற்றாமல் உங்கள் இரண்டு நகல்களிலும் வையுங்கள். வட்டாட்சியருக்கும் அருங்காட்சியகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கடிதத்தின் நகலும் பத்திரமாக இருக்கட்டும்.

12. நேரலை வகுப்பு

படத்தைத் திரையில் போட்டதும் பேசாதீர்கள். ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு ‘எத்தனை கை?’, ‘எந்தக் கால் மடங்கியிருக்கிறது?’ என்று கேளுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், கேட்க மட்டுமே செய்வார்கள்.

பெரும்பாலோர் போனில்தான் பார்க்கிறார்கள். ஒரு திரைக்கு ஒரு படம், நான்கு படங்களை ஒட்டவே வேண்டாம். படங்களைக் குறைந்த அளவில் முதல் நாளே குழுவில் அனுப்பிவிடுங்கள். சிக்னல் போனாலும் குரல் மட்டும் கேட்டுத் தொடரலாம். பதிவு செய்தால் மாணவர் முகமும் பெயரும் தெரியாதபடி வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

13. திருத்தம் வந்தால்

வரும். ஊர்க்காரர் ஒருவர் “தம்பி, அந்தச் சிலை முன்னாடி குளத்தங்கரையில இருந்துச்சு, கும்பாபிஷேகத்தப்பத்தான் உள்ளே கொண்டாந்து வெச்சாங்க” என்று எழுதுவார். அது எந்த நூலிலும் இல்லாத செய்தியாக இருக்கலாம். அவர் சம்மதித்தால் ‘ஊர்ப் பெரியவர் சொன்னது’ என்று நாளோடு, ஆறாம் படியில் சொன்ன இரண்டாம் பத்தியில் சேருங்கள். தனிப்பட்டவரின் பெயரையும் எண்ணையும் வெளியிட வேண்டாம்.

பழைய பதிப்பை அழிக்காதீர்கள். புதிய பதிப்பை ஏற்றி, மேலே இரண்டு வரியில் எது மாறியது, எதனால் மாறியது, எந்த நாளில் என்று எழுதுங்கள். காலத்தை மாற்றினால் எக்செல் தாளிலும் காமன்ஸ் விளக்கத்திலும் வீடியோவின் கீழுள்ள குறிப்பிலும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஓரிடத்தில் விட்டுப்போனால், பழைய காலம்தான் அடுத்த மாணவனின் கட்டுரைக்குள் போகும்.